மண்ணு வண்டி பர்னபாஸ்

குலசேகரன்பட்டினத்துக் கரையில் நின்றுகொண்டு, "நான் மணல் விற்கப் போகிறேன்" என்று எங்கள் ஆள் ஒருவன் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கையையும் காலையும் கட்டி, உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்து, கிணற்றடியில் உட்கார வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். சொன்னவன் வெள்ளைக்காரன். அதனால் எல்லாரும் முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமாம் துரை, மணல் நல்ல சரக்கு" என்றார்கள்.

மணலுக்கு நாங்கள் என்றைக்கும் குறைந்தவர்கள் இல்லை. கிழக்கே கடல் மணல், மேற்கே தேரிக்காட்டுச் செம்மணல், நடுவில் எங்கள் சோற்றில் மணல். ஆடிக் காற்றில் தேரி மணல் ஊர்ந்து வந்து பனைமரத்தைக் கழுத்து வரைக்கும் மூடிவிட்டுப் போகும். இப்படிப்பட்ட சீமையில், தேரி ஓரத்துப் பள்ளம் ஒன்றில், செம்மணலுக்கு அடியில் சீனி போல வெள்ளை மணல் கிடக்கிறது என்று ஒரு கம்பெனி கண்டுபிடித்தது. அதை உருக்கினால் கண்ணாடி ஆகுமாம். சோடாப் புட்டியும் விளக்குச் சிமினியும் அதில்தான் செய்கிறார்களாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில் அந்தப் பள்ளத்திலிருந்து எங்கள் கரை வரைக்கும் ஒரு ரயில்பாதை போட்டார்கள். தண்டவாளம் குட்டி, எஞ்சின் குட்டி, பெட்டிகளோ மாட்டுத் தொட்டிக்குச் சக்கரம் வைத்தது மாதிரி. கம்பெனி அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் வைத்திருந்தது. எங்களுக்கு அது மண்ணு வண்டி.

அந்த மண்ணு வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்றவன்தான் பர்னபாஸ். கோட்டை கட்டியவனைப் பற்றியும் குளம் வெட்டியவனைப் பற்றியும் எழுத நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரேக்குப் பிடித்தவனைப் பற்றி எழுத நான் ஒருத்தன்தான் இருக்கிறேன், எனக்கும் வேறு வேலை இல்லை.

பர்னபாஸ் தோணிக்காரக் குடும்பம். அப்பனும் பாட்டனும் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் தோணி ஓட்டியவர்கள். இவனுக்கு மட்டும் தோணியில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். நங்கூரம் தூக்குமுன்பே மீன்களுக்குச் சோறு போட ஆரம்பித்துவிடுவான். மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றிப் பார்த்தார்கள். கடல் தண்ணீரையே குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். மெழுகுதிரி செலவானதுதான் மிச்சம். சாகிற வரைக்கும் அவன் கரையில் உட்கார்ந்தால் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான்.

இப்படிப்பட்டவனுக்குக் கம்பெனி வேலை கிடைத்தது என்றால் சும்மாவா? காக்கிச் சட்டை, மார்பில் பித்தளை வில்லை, கழுத்தில் ஊதல். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் வில்லையோடுதான் வருவான். சாமியார் நாக்கில் நன்மை அப்பம் வைக்கும்போது அது கண்ணில் மின்னி அவர் கண்ணை மூடிக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை.

வேலையும் கொஞ்சம் பொறுப்பான வேலைதான். பள்ளத்திலிருந்து கரைக்கு முழுக்க இறக்கம். நிறைபாரத்தோடு வண்டி இறங்கும்போது எஞ்சினுக்கு இழுக்கிற சிரமம் கிடையாது, நிற்கிறதுதான் சிரமம். டிரைவர் ஊதினால் பர்னபாஸ் கடைசிப் பெட்டியில் இருக்கிற பிரேக்குச் சக்கரத்தைத் திருக வேண்டும். ஊதினால் திருகுவான். ஊதாவிட்டாலும் ஓரிடத்தில் திருகுவான். அது ஊருக்குச் சற்று மேற்கே, நல்லதண்ணீர்க் கிணற்றடி. கரையிலிருந்து பெண்கள் குடத்தோடு வருகிற இடம். வண்டி முனகிக்கொண்டு நிற்கும். பர்னபாஸ் குதித்து இறங்கி, மருத்துவன் நாடி பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பான்.

"ஏலே, என்னலே அங்கன?" என்று டிரைவர் முன்னாலிருந்து கத்துவார்.

"தேரி மண்ணு தண்டவாளத்துல ஏறிக் கெடக்கு அண்ணாச்சி. தள்ளிட்டு வாரேன்."

இதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. தேரி மணல் எங்கேயும் ஏறிக் கிடக்கும். ஆனால் அது தினமும் பவுலின் தண்ணீர் எடுக்க வருகிற நேரத்துக்கே ஏறுகிறது என்பதைக் கிணற்றடி முழுவதும் கவனித்திருந்தது. பவுலினுக்கு அவன் முறைமாப்பிள்ளை. தூரத்து உறவுதான் என்றாலும் முறை முறைதானே?

"என்ன அத்தான், காத்துக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்று பவுலின் கயிற்றை இழுத்துக்கொண்டே கேட்பாள்.

"நான் என்ன செய்ய? இங்கனதான் வந்து விழுது."

"பைய தள்ளுங்க. கையில கொப்புளம் வந்துரப் போவுது."

கையில் துடைப்பம்கூட இல்லாமல் நிற்கிறவனைப் பார்த்துத்தான் இதைச் சொல்வாள். மற்றப் பெண்கள் குடத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள். பர்னபாஸுக்கு அன்றைய கூலி அதுதான்.

பவுலினின் அப்பா ஞானப்பிரகாசத் தண்டல். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். கடலுக்குப் போகாதவனை அவர் ஆண்பிள்ளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தாசில்தாரைக்கூட "பாவம், தரையிலயே பொழைக்குதாரு" என்றுதான் சொல்வார். பர்னபாஸின் அம்மா பெண் கேட்டுப் போனபோது அவர் வீட்டில் வைத்துப் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் கூட்டம் கலையுமுன், சாமியாரையும் நிறுத்திவைத்துக்கொண்டு சொன்னார்.

"மண்ணை ஏத்தி எறக்குத பயலுக்கா எம் மவ? மண்ணை உருக்கினாக் கண்ணாடி ஆவுமாம். சோறு ஆவுமா? சாமி, ஒங்க முன்னால சொல்லுதேன். அந்தப் பள்ளத்து மண்ணை ஏத்திக்கிட்டு ஒரு கப்பலோ தோணியோ இந்தக் கரையை விட்டுப் போவட்டும், எம் மவளை அவனுக்கே தாரேன். ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். பொறவு தூத்துக்குடி மாப்பிள்ளைதான். மண்ணை ஏத்துத பைத்தியக்காரன், கோட்டிக்காரன் எவன்னு நானும் பாக்கேன்!"

"சொன்ன சொல் சொன்னதுதான், தண்டல்" என்றார் சாமியார். அவருக்கும் இதில் கொஞ்சம் வேடிக்கைதான்.

"தண்டல் நாக்கு பெரளாது சாமி" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே அவர் கொழும்புக்குத் தோணி எடுத்துவிட்டார். போகுமுன் வீட்டில் ஓர் உத்தரவு: இனிமேல் இந்த வீட்டில் மண் என்கிற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. தோணியில் வேலை செய்கிறவர்களுக்கும் அதே உத்தரவு.

அவர் போன பிறகுதான் கம்பெனி முதல் சரக்கைக் கரையில் குவிக்கத் தொடங்கியது. ஈஸ்டருக்கு முன்னால் கப்பல் வந்து தூரத்தில் நிற்கும், மணலை ஏற்றிச் சீமைக்குக் கொண்டுபோகும் என்று ஏற்பாடு. வண்டி வண்டியாக வெள்ளை மணல் வந்து இறங்கியது. செம்மணல் ஒரு பிடி கலந்தாலும் கண்ணாடி பச்சையாகிவிடும் என்று துரை சொன்னதால் குவியலை ஓலைப்பாய் போட்டு மூடினார்கள். காவல் போட வேண்டாமா என்று துரை கேட்டார். கம்பெனிக் குமாஸ்தா சிவசண்முகம் பிள்ளை சைவப் பழம். நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறைய இங்கிலீஷும் உள்ளவர். "மணலைத் திருடுகிறவன் இந்தத் தாலுகாவிலேயே பிறக்கவில்லை, துரை" என்று சொல்லிவிட்டார். மணலை நாள் முழுவதும் சரக்கு என்று எழுதிக்கொண்டிருந்த அந்த மனிதருக்கே அது சரக்கு என்று மனசில் ஏறவில்லை. ஆனாலும் காகிதத்தில் ஒரு பேர் வேண்டுமே என்று, குவியலுக்குப் பொறுப்பு பர்னபாஸ் என்று எழுதிவைத்தார்.

பர்னபாஸுக்கு அதில் சந்தோஷம்தான். சாயங்காலம் கடைசி வண்டி வந்ததும் குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். குவியல் உயர உயரப் பவுலின் அவன் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் ஒரு நாய் அதன் மேல் காலைத் தூக்கப் போனது என்று கரை முழுவதும் அதை விரட்டினான்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வாரம், தண்டல் பொழுது சாய்ந்த பிறகு கொழும்பிலிருந்து அரிசி கொண்டுவந்து இறக்கினார். உத்தரவுப்படி வீட்டில் யாரும் மண் பேச்சை எடுக்கவில்லை. தூத்துக்குடியில் அடுத்த சரக்கு காத்திருந்தது. மறுநாள் விடியுமுன் தெற்கேயிருந்து சோழகக் காற்று எழுந்தது. அந்தக் காற்றில் பாய் விரித்தால் ஒரே ஓட்டத்தில் தூத்துக்குடி. விட்டால் அடுத்த காற்று என்றைக்கோ.

ஆனால் வெறுந்தோணி கடலில் நிற்காது, கவிழ்ந்துவிடும். அதனால் அடியில் மணலைப் பாரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்கள். போன இடத்தில் சரக்கு ஏற்றுமுன் அதைக் கடலில் கொட்டிவிடுவார்கள். தோணி என்று ஒன்று உண்டான நாளிலிருந்து இப்படித்தான். கரையில் தோண்டி, கூடையில் அள்ளிச் சுமப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அன்று தண்டல் இருட்டில் கரைக்கு வந்து பார்த்தால், தண்ணீருக்குப் பக்கத்திலேயே, காய்ந்த மணல், தோண்டித் தயாராகக் குவித்து, பனி விழாமல் பாயும் போட்டு வைத்திருக்கிறது.

"எந்தப் புண்ணியவான் பெத்த புள்ளையோ நமக்காவவே குமிச்சு வச்சிருக்கான். அள்ளுங்கலே!" என்றார் தண்டல்.

அவருடைய தோணியும் கூட ஓடுகிற இரண்டு தோணிகளும் சேர்ந்து குவியலை அடிவரை வழித்துவிட்டன. பாய்களை மட்டும் தொடவில்லை. நாலாக மடித்து, காற்றில் பறக்காமல் மேலே கல் வைத்துவிட்டுப் போனார்கள். பாய் அடுத்தவன் பொருள், அதைத் தொட்டால் பாவம். மண் எவனுடைய பொருள்?

காலை வண்டியோடு வந்து இறங்கிய பர்னபாஸ் குவியல் இருந்த இடத்தைப் பார்த்தான். மடித்து வைத்த பாய்களைப் பார்த்தான். தோணிகள் நின்ற இடம் காலியாக இருந்ததையும் பார்த்தான். கடலோரத்தில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றடிக்கு ஓடினான்.

"பவுலின், மாமா எங்க?"

"விடியுமுன்னயே தூத்துக்குடிக்குப் போயாச்சே. சோழகம் விழுந்திட்டுல்லா."

"வெறுந்தோணியாவா?"

"ஆமா. ஏன்?"

அவன் சொன்னான். பவுலின் முதலில் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தாள். வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது. பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பம் அப்பா சொன்ன அந்தக் கோட்டிக்காரன்..."

"அப்படிச் சொல்லாத. எனக்கு மாமா."

"மண்ணு தோணியில ஏறிப் போயிட்டுல்லா? சாமியார் முன்னால சொன்ன சொல்லுல்லா? பொறவு ஏன் மொகம் இப்படி இருக்கு? போய்ச் சொல்லுங்க."

"யார்ட்ட சொல்ல? நான் சாமியார்ட்ட சொன்னா சாயங்காலம் துரைக்குத் தெரிஞ்சிரும். கம்பெனிச் சரக்கைத் திருடினாருன்னு மாமாவை வெலங்கு போட்டுத் திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போவாங்க. பொண்ணைக் குடுக்கச் சொல்லி நான் ஜெயில் வாசல்லயா போய் நிக்க?"

"சொல்லாட்டா?"

"எம் பேருதான எழுதியிருக்கு. வேலை போவும்."

ஈஸ்டரும் போகும், பவுலினும் போவாள் என்பதை அவன் சொல்லவில்லை. அவள் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாளியை எடுக்க யாரையும் கூப்பிடவில்லை.

மத்தியானம் துரை வந்து இறங்கினார். கரையில் கூட்டம் கூடிவிட்டது. பர்னபாஸ் வில்லையை நேராக்கிக்கொண்டு, "காத்து அடிச்சிட்டுப் போயிட்டு துரை" என்றான். தேரி மணல் நடக்கும், பனையை விழுங்கும், போன வருஷம் ஒரு களத்தையே காணவில்லை என்று கதை கதையாக அளந்தான். துரை ஊருக்குப் புதுசு. பாதி நம்பிவிட்டு, குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

சிவசண்முகம் பிள்ளை பாய்களைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்: "மண்ணைத் தூக்கிட்டுப் போன காத்து, பாயை நாலா மடிச்சு மேல கல்லும் வச்சிட்டுப் போயிருக்கு. ரொம்ப மரியாதை தெரிஞ்ச காத்து, வே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சிரிப்பு தெரியும். முகம் சிவந்துவிட்டது. பிள்ளைக்கும் கூட்டத்துக்கும் யார் வேலை என்று நன்றாகவே விளங்கிவிட்டது. ஆனால் காவல் வேண்டாம் என்றது தாம்தான் என்பதால் பிள்ளையும் வாயை மூடிக்கொண்டார். சனிக்கிழமைக்குள் பர்னபாஸ் ஆளைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவனே திருடினான் என்று எழுதிப் போலீசில் ஒப்படைப்பேன் என்றார் துரை. வில்லையை அன்றே கழற்றி வாங்கி மேசை மேல் வைத்துக்கொண்டார்.

பர்னபாஸ் ஆளைச் சொல்லவில்லை. அம்மா அழுதாள், டிரைவர் திட்டினார், கரையில் எல்லாரும் "சொல்லித் தொலைலே" என்றார்கள். "காத்துதான்" என்பான்.

வெள்ளிக்கிழமை தண்டலின் தோணி திரும்பி வந்தது. கரையில் அவரைக் கண்டதும் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். வீட்டில் பவுலின் இலை போட்டுச் சோறு வைத்தாள்.

"என்னட்டி, ஊரே ஒரு மாதிரி இருக்கு?"

"மண்ணுப் பேச்சு எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கீய."

"எடு."

எடுத்தாள். தண்டலின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அது கம்பெனி மண்ணா? எனக்கென்னட்டி தெரியும்? மண்ணு மண்ணாத்தான் இருந்திச்சு!"

"வெள்ளையா இருந்திச்சுல்லா?"

"இருட்டுல வெள்ளை என்ன, கறுப்பு என்ன? தோணி ஆடாமப் போச்சு." பிறகு குரல் இறங்கியது. "அவன் எம் பேரைச் சொன்னானா?"

"இல்ல. சொன்னா ஒங்க வாக்குப்படி எனக்குக் கல்யாணம். ஒங்களுக்கு வெலங்கு. சொல்லாட்டா அவுகளுக்கு வெலங்கு. நாளைக்குத்தான் தவணை. காத்து, காத்துன்னு சொல்லிட்டுத் திரியுதாக. கோட்டி!" என்று சொல்லிக்கொண்டே பவுலின் சோற்றுப் பானையை நங்கென்று மூடினாள்.

தண்டல் இலையை மூடிவிட்டுக் கை கழுவினார். புது வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். கோவிலுக்குப் போகிறவர் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு, வழியில் பர்னபாஸைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கம்பெனித் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தார். பவுலின் பின்னாலேயே போய் வாசலில் நின்றாள். கரை முழுவதும் அவளுக்குப் பின்னால் நின்றது. நானும் நின்றேன்.

"நான்தான் ஏத்தினேன்" என்றார் தண்டல்.

"வே தண்டல், பைய பேசும். போலீஸ் கச்சேரி வரைக்கும் போயிரும்" என்று பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"போவட்டும். துரைட்ட சொல்லும். மூணு தோணியிலயும் ஏத்தினது நான். வேற எவனுக்கும் இதுல சம்பந்தமில்ல."

துரை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மணல் இப்போது எங்கே?

"தூத்துக்குடிக் கடல்ல."

எதற்காகக் கடலில் கொட்டினார் என்பதைப் பிள்ளை விளக்கினார். துரை நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். ரயில்பாதை போட்டு, எஞ்சின் வாங்கி, வெட்டிக் கொண்டுவந்த மணலைத் தோணிக்காரர்கள் தோணி ஆடாமலிருக்க வைத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் கொட்டினார்கள் என்று மெட்ராஸுக்கு எழுதினால், அங்கே சிரிப்பு அடங்க ஒரு வருஷம் ஆகும். கோர்ட்டுக்குப் போனாலும் அதைத்தான் எழுத வேண்டும். அவர் போலீஸ் பேச்சை விட்டுவிட்டார். கப்பல் கொழும்பில் நிற்கிறது, ஒரு வாரம் சுணங்கும் என்று அன்றுதான் தந்தி வந்திருந்தது. பகலும் இரவும் வண்டி ஓடினால் மறுபடியும் குவித்துவிடலாம். குவித்ததைத் தண்டல் அந்த மூன்று தோணிகளிலும் கூலியில்லாமல் கப்பலுக்குக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும் என்றார் துரை. தண்டல் தலையை ஆட்டினார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது துரை பர்னபாஸ் பக்கம் விரலை நீட்டி ஏதோ கேட்டார்.

"ஆளு யாருன்னு தெரிஞ்சும் எதுக்குலே பொய் சொன்னன்னு துரை கேக்காரு" என்றார் பிள்ளை.

பர்னபாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தண்டல்தான் முன்னால் வந்தார். "அவன்ட்ட என்ன கேக்கது? அவன் எம் மருமவன், வே. என்னைய எப்படிக் காட்டிக் குடுப்பான்?"

பிள்ளை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். வாசலில் பவுலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பர்னபாஸ் அத்தனை பேர் முன்னாலும் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். தண்டல் மேசை மேல் கிடந்த வில்லையைத் தாமே எடுத்து அவன் கையில் வைத்து அழுத்தினார்.

"அழுதது போதும்லே. போய் மண்ணைக் கொண்டா. தோணி காத்துக் கெடக்கு."